குதிரை வண்டியும் ரப்பர் விலையும்

அமெரிக்காவில் வெடித்த ஒரு வெடிகுண்டைப் பற்றி, மலாய் நாட்டில் பீடோருக்கு ஏழு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், கருவாடு மடித்த காகிதங்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தக் காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையால் ஒரு புருஷனும் பெண்சாதியும் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நாலு வருஷம் நின்றார்கள். அவர்களுடைய பிள்ளை அந்தப் பக்கம் வளர்ந்தது. அதனால் இப்போது பெருமை இல்லை.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிராணி. கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் தோட்டத்தில் அந்த வார்த்தைக்கு இருந்த மிடுக்கு குமாஸ்தாவுக்குக் கிடையாது. வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, சட்டைப் பையில் பேனா. ஈப்போவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருந்தேன். இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த தமிழர்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், மாதம் ஒருமுறை டாக்டர் வந்து எட்டிப் பார்க்கும்வரை அவர்தான் டாக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய்க்கொழுப்பு அதிகம்.

ஆராய்ச்சி ஒரு நெத்திலிப் பொட்டலத்தில் ஆரம்பித்தது. முதலாவது உலகச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பீடோர் கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து பிரித்தால், உள்ளே சிங்கப்பூர் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு முழுத் தாள். அமெரிக்காவில் பங்கு வியாபாரம் நடக்கிற பணக்காரத் தெருவில், நட்டநடுப் பகலில், ஒரு குதிரை வண்டியில் வைத்திருந்த குண்டு வெடித்து ஏகப்பட்ட பேர் செத்துப்போனார்கள் என்று போட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போனவன் யார் என்று தெரியவில்லையாம். அதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு வரி இருந்தது. ஆனால் அங்கே கருவாட்டு எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது.

அந்த அழிந்த இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மை அந்த ஐந்தாறு வரியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எண்ணெய் மட்டும் படாமல் இருந்திருந்தால் நெத்திலியை வறுத்துத் தின்றுவிட்டு என் சோலியைப் பார்த்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தவுக்கேயிடம் பழைய பேப்பர் கட்டு ஒன்று உயரமாக இருந்தது. லூமுட்டிலிருந்து கருவாடும், சிங்கப்பூரிலிருந்து அதை மடிக்கக் காகிதமும் வரும். காகிதத்தைத் தனியாகக் கேட்க எனக்குக் கூச்சம். கிராணி குப்பை பொறுக்குகிறான் என்று பேர் வந்துவிடுமே. அதனால் எந்தத் தாள் மேலே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். அது வேண்டிய தாளாக இருந்தால் கருவாடு வாங்குவேன். அவன் வேறு தாளில் மடித்துக் கட்டிவிட்டால், "இந்தத் தாள் வேண்டாம், அதற்கு அடியில் இருக்கிற தாளில் மடி" என்பேன். மூன்றாவது வாரம் தவுக்கே கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதைக்கே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"லூ ஈக்கான் மாவ்கா, கெர்த்தாஸ் மாவ்கா?" என்று மலாயில் கேட்டான். மீன் வேண்டுமா, காகிதம் வேண்டுமா என்று அர்த்தம்.

மீன்தான் என்றேன். எனக்குக் கருவாடு பிடிக்காது. இரண்டு வருஷம் தின்றேன்.

பேப்பர்கள் முன்னும் பின்னுமாகத்தான் கிடைத்தன. குண்டு வெடித்து மூன்று மாதம் கழித்து நடந்தது முதல் வாரம் கிடைக்கும். மறுநாள் நடந்தது ஆறாவது வாரம் கிடைக்கும். குதிரையின் லாடம் தெருவில் கிடந்ததாம். அதை அடித்த கொல்லனைத் தேடிப் போலீசார் ஊர் ஊராக லாயங்களில் விசாரித்தார்களாம். கொல்லனைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு தாள் சொன்னது. அவன் என்ன சொன்னான் என்பது இருக்க வேண்டிய அடுத்த தாளில் யாரோ எனக்கு முன்னாலேயே புளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி என் கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

எங்கள் ஆபீசுக்கு வாரம் ஒருமுறை சிங்கப்பூர் ரப்பர் விலை தந்தியில் வரும். குண்டு வெடித்த தேதியைப் பேப்பரில் பார்த்தேன். அதே தேதியில் ஒரு தந்தி இருந்தது. விலை இறங்கியிருந்தது! அதோடு விட்டேனா? அமெரிக்காவில் நடுப்பகல் என்றால் இங்கே ராத்திரி என்று பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் உருண்டையை உருட்டிக் காட்டியிருக்கிறார். தந்தி வந்ததோ காலையில். ஆக, குண்டு வெடிப்பதற்குப் பாதி நாள் முன்னாலேயே ரப்பர் விலை விழுந்துவிட்டது. அப்படியென்றால் யாருக்கோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. குண்டு வைத்தவன் குறி வைத்தது மனிதர்களை அல்ல, ரப்பரை.

இன்னொரு சான்றும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவ்வளவு பெரிய பட்டணத்தில், தெருவெல்லாம் மோட்டார் கார் ஓடுகிற ஊரில், அவன் ஏன் குதிரை வண்டியைத் தேர்ந்தெடுத்தான்? மோட்டார் காருக்கு ரப்பர் டயர். குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டை. ரப்பர் படாத வண்டியாகப் பார்த்து எடுத்திருக்கிறான் பாவி! இதை நோட்டில் எழுதி இரண்டு முறை கோடு போட்டேன்.

டிரெஸ்ஸரிடம் காட்டினேன். மருந்து கலக்குவதை நிறுத்திவிட்டு முழுவதும் வாசித்தார்.

"குதிரை சாணி போட்டுச்சா, இல்லியா? அதையும் எழுதிக்கிடும். மாட்டுச் சாணியா இருந்தா தேயிலைக்காரன் செஞ்ச வேலையா இருக்கும்" என்றார்.

நான் பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரர்களையெல்லாம் பார்த்து முதலில் இப்படித்தான் சிரித்தார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கண்டுபிடிப்பை எட்டுப் பக்கம் இங்கிலீஷில் எழுதி, பீடோர் தபாலாபீசில் கொடுத்தால் விலாசத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று ரயிலேறி ஈப்போவுக்குப் போய், அமெரிக்கப் போலீசுக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று அச்சடித்திருந்தது. என் பேரைக்கூட எழுதவில்லை. அச்சடித்த சீட்டு அனுப்புகிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. போகவில்லை.

தோட்டத்தில் மத்தியானம் எல்லாரும் ரப்பர் பால் வாளியோடு ஸ்டோருக்கு வருவார்கள். பால் நிறுத்து முடிந்த பிறகு நான் அங்கே பேப்பர் வாசிப்பது வழக்கம். படிக்கத் தெரியாத சனம். கிராணி வாசிக்கிறார் என்றால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடும். ரப்பர் விலை விழ விழ, எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஏன் விழுகிறது? துரைக்குத் தெரியாது. பெரிய கிராணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்! குதிரை வண்டிக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அந்த வண்டிக்காரன் அகப்பட்டால் விலை தானே ஏறிவிடும் என்றும் சொன்னேன். டிரெஸ்ஸரைப் போல ஒருவரும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சொன்னால் வெட்கம், எனக்கு அது கள்ளுக் குடித்த மாதிரி இருந்தது.

அவர்களில், மரத்தைக் கீறிப் பால் இறக்கும் ஒரு பால்வெட்டுப் பெண் எப்போதும் முன்னால் உட்காருவாள். முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான கை. மர நிரையில் அவளுக்கு முன்னால் பால் வெட்டி முடித்தவர்கள் கிடையாது. அவள் புருஷனும் பால்வெட்டுத்தான். எதற்கும் இரண்டு தடவை யோசிக்கிற, கொஞ்சம் பயந்த மனிதர். மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. நான் வாசிப்பதை எல்லாரும் கேட்பார்கள். அவள் மட்டும் கேள்வி கேட்பாள்.

"லாடம் அடிச்ச கொல்லனுக்கு அவன் மொகம் ஞாபகம் இருக்குமில்லையா, ஐயா?"

எனக்கு அப்படி ஒரு மாணாக்கி கிடைத்ததில் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வருஷம் நிலைமை ரொம்ப மோசமாகிவிட்டது. பாதி மரத்தை வெட்டாமல் போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையை மூடினார்கள். ஊருக்குத் திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம் என்று உத்தரவு வந்தது. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது தினமும் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், துரை வந்து நின்றார். போகிறவர்கள் கானை, அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்காலை, தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கட்டும் என்றார்.

பெரட்டில் எங்கள் தோட்டத்து வழக்கம் இது: ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. குடும்பம் என்று ஒன்று பெரட்டுப் புத்தகத்தில் கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர், அவ்வளவுதான். கங்காணி முதலில் ஆண்களைக் கூப்பிட்டார். ஒன்றும் தெரியாத இருட்டு. அவள் புருஷனுக்கு ஊரில் ஆத்தா படுத்த படுக்கையாக இருந்தாள். நாம் தாண்டினால் பின்னாலேயே இவளும் தாண்டிவிடுவாள் என்று நினைத்துத் தாண்டிவிட்டார். பிறகு பெண்களைக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. முந்தின நாள்தான் போலீசார் கொல்லனைக் கண்டுபிடித்த செய்தியை நான் வாசித்திருந்தேன். இனி விலை ஏறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட புருஷன் எப்படித் தாண்டுவார் என்று நின்றுவிட்டாள். நான் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் நம்பர்களை எழுதிக்கொண்டே போனேன். விடிந்து பார்த்தால், கானுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். பிள்ளை நடுவில் கானுக்குள் இறங்கித் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்கள். வருகிற வழியெல்லாம் சண்டை போட்டிருப்பார்கள் போல. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஐயா, ஏதோ ஒரு நம்பரை அடிச்சிட்டு எழுதணும். எதை அடிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

"நான் இருக்கேன்யா. ஆத்தா விதி ஆத்தாளோட" என்றார் அவர்.

"பெத்தவள அப்படி விட்டுட முடியுமா? நானே வந்துடுறேன்" என்றாள்.

ஒரு கோடு. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும். எந்த நம்பர் மேல் போட்டிருந்தாலும் சரிதான், ஒரே பக்கமாக இருந்திருப்பார்கள். நான் என்ன செய்தேன்? பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"எதையும் அடிக்க வேண்டாம்" என்றேன். "அவர் போய் ஆத்தாளைப் பார்க்கட்டும். பிள்ளையையும் கூட்டிப் போகட்டும். நீ காலையில் வெட்டுக்குப் போனால் இங்கே யார் பார்ப்பது? நீ இருந்தால் லயத்தில் வீடு கைவிட்டுப் போகாது. கொல்லன் அகப்பட்டுவிட்டான்; வண்டிக்காரன் அகப்பட ஆறு மாசம் போதும். விலை ஏறும், ஆள் எடுப்பார்கள், அவர் திரும்பி வந்துவிடலாம்."

"ஆறு மாசந்தானே?" என்று கேட்டாள்.

"ஆறு மாசந்தான்."

பத்து நாளில் புருஷனும் பிள்ளையும் பினாங்குக்கு ரயிலேறினார்கள். அடுத்த மாதம் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். ஒரே கேள்வி.

"அந்தக் குதிர வண்டிக்காரன் அம்புட்டானா, ஐயா?"

"கிட்ட நெருங்கிட்டாங்க" என்பேன் நான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணிதான் கடிதம் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்காக ஊருக்கு எழுதினேன். தான் சுகம், பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா என்று அவள் சொல்வதை எழுதிவிட்டு, கீழே என் செலவில் ஆராய்ச்சி நிலவரமும் சேர்ப்பேன். கொல்லன் ஆளை அடையாளம் சொல்லிவிட்டான். ஒரு சந்தேக ஆளைப் பிடித்து விட்டுவிட்டார்கள். இப்படி. அவர் ஊரில் யாரோ ஒரு வாத்தியாரைக் கொண்டு பதில் எழுதுவார்: ஆத்தா தவறிவிட்டாள், பிள்ளை சுகம், வண்டிக்காரன் சங்கதி எழுதவும்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். டிரெஸ்ஸர் மருந்து கொண்டு வந்தார். தலைமாட்டில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஏம்ப்பா, குண்டு வெடிச்ச அன்னைக்கு விலை விழுந்துச்சுங்கிறீரு. அதுக்கு முந்தின வாரம்?"

"அது ஆராய்ச்சிக்குள்ள வராது."

"ஏன் வராது?"

"குண்டு வெடிக்கலையே!"

அவர் எழுந்து ஆபீசுக்குப் போனார். கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய தந்திகளை அப்படியே உருவிக்கொண்டு வந்து என் படுக்கையில் ஒவ்வொன்றாகப் போட்டார். குண்டு வெடித்ததற்கு முந்தின வாரம் விலை இறங்கியிருந்தது. அதற்கு முந்தின வாரமும். அதற்கு முந்தின மாதமும். ஏழெட்டு மாதமாக விலை இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தனை தந்தியையும் என் கையால்தான் நான் கம்பியில் குத்தியிருக்கிறேன். வெடித்த நாளிலிருந்துதான் நான் பார்க்க ஆரம்பித்தேன். அதனால் அன்றைக்குத்தான் விழுந்தது என்று நினைத்துவிட்டேன்.

"சண்டை முடிஞ்சுது. டயர் வாங்குற ஆள் கொறைஞ்சுட்டான். இங்கே மரம் கூடிப்போச்சு. இதுக்கு எதுக்குப்பா குதிரை?" என்றார் டிரெஸ்ஸர்.

எனக்கு வேர்த்து, காய்ச்சல் விட்டுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அம்புட்டானா என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுவரில் கண்ணாடிக்குள் அந்த அச்சடித்த சீட்டு இருந்தது. அவள் அதைக் கோயில் படத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பாள். "கிட்ட நெருங்கிட்டாங்க" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படி எத்தனை ஞாயிறு போயிற்று! கடிதங்களில் நிலவரம் எழுதுவதையும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாளே.

நாலாம் வருஷம் விலை ஏறியது. சும்மா ஏறவில்லை, பிய்த்துக்கொண்டு ஏறியது. ரப்பரை அளவோடு வெட்டச் சொல்லிச் சர்க்கார் போட்ட சட்டம், அமெரிக்காவில் பெருகிய மோட்டார் கார், இவைதான் காரணம் என்று பேப்பரில் எழுதினார்கள். அமெரிக்கக் குண்டுக்காரன் அகப்படவே இல்லை. துரை புதுக் கார் வாங்கினார். கங்காணிகளை ஊருக்கு அனுப்பி ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். சனம் என்னை வழியில் பார்த்தால் கும்பிட்டது. "கிராணி ஐயா அன்னைக்கே சொன்னாருலா" என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். டிரெஸ்ஸர் என்னைக் கண்டால் குதிரை மாதிரி கனைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அவள் ஓடி வந்தாள். உடனே எழுதச் சொன்னாள். விலை ஏறிவிட்டது, ஆள் எடுக்கிறார்கள், கங்காணியோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவும். எழுதினேன். முதல் தடவையாக ஆராய்ச்சி நிலவரம் சேர்க்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. உறையைப் பிரித்து அவளுக்கு வாசித்தேன்.

"விலை ஏறினதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் வண்டிக்காரன் அகப்பட்டதாகக் கிராணி ஐயா எழுதவில்லையே. அவன் வெளியே இருந்தால் இன்னொரு வண்டி கட்ட எத்தனை நேரம் ஆகும்? மறுபடியும் விலை விழுந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் நிற்பேன்? ஆள் அகப்பட்டான் என்று ஐயா கைப்பட எழுதினால் மறு கப்பலில் வாரேன். இல்லாவிட்டால் வரவில்லை."

வாசித்து முடித்ததும் கடிதத்தைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தக் குதிரை வண்டிக்கும் ரப்பருக்கும் சம்பந்தமே இல்லை. நான் சொன்னதெல்லாம் தப்பு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். தந்தி, முந்தின வாரம், முந்தின மாதம் எல்லாம் சொன்னேன்.

"இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

"அடப்பாவி மனுசா!" என்றாள். ஐயா போய்விட்டது. "வாரம் தவறாம வந்து நின்னேனே! கிட்ட நெருங்கிட்டாங்க, கிட்ட நெருங்கிட்டாங்கன்னு கதை விட்டியே! எம் புள்ள மொகம் எனக்கு மறந்து போச்சுய்யா. மூக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது. ஒரு கோடு போடச் சொல்லித்தானே வந்தோம் ஒங்கிட்ட? ஒரு கோடு!"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு வாசல் திண்டில் உட்கார்ந்தாள்.

"பேனாவ எடுங்க. அம்புட்டுட்டான்னு எழுதுங்க."

"அது பொய்ம்மா."

"ரெண்டு வருசமா எழுதுனது மட்டும் நெசமா?"

பேனாவை எடுத்தேன். வண்டிக்காரன் அகப்பட்டுவிட்டான் என்று ஒரு வரி எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இப்படி மொட்டையா எழுதினா அவரு நம்ப மாட்டாரு. எப்படி அம்புட்டான்னு கேப்பாரு. கொல்லங்கிட்டயே மறுபடி லாடம் அடிக்க வந்தான்னு எழுதுங்க. வேற குதிர. வந்தவன் காச நீட்டுறப்ப கை நடுங்குச்சு. கொல்லன் மொகத்தப் பாத்துட்டான். பாத்தும் பாக்காத மாதிரி லாடத்த அடிச்சுக்கிட்டே பொண்டாட்டிய போலீசுக்கு அனுப்பிட்டான்."

நாலு வருஷம் நோட்டு நோட்டாக எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. என் ஆராய்ச்சியில் இருந்த ஓட்டையெல்லாம் அரைமணி நேரத்தில் அடைத்துவிட்டாள்.

"தூக்குல போட்டாச்சுன்னு எழுதவா?" என்று கேட்டேன்.

"போடுங்க. உசுரோட இருந்தா அந்த மனுசன் அதுக்கும் பயப்படுவாரு."

அமெரிக்கப் போலீசால் முடியாததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் முடித்தோம். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை. தபாலில் போடும் முன் டிரெஸ்ஸரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கேலி ஒன்றும் பேசவில்லை. "சீக்கிரம் போடும்" என்றார்.

மறுநாள் பேப்பர்க் கட்டு முழுவதையும் சைக்கிளில் வைத்துத் தவுக்கே கடையில் இறக்கினேன். சீட்டையும் கண்ணாடியிலிருந்து உருவி அதோடு போட்டேன். இப்போது காகிதம் இருக்கிறது, மீன் வேண்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வந்தார்கள். பினாங்கில் இறங்கி, தொற்றுநோய் இருக்கிறதா என்று ஒரு வாரம் தீவில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்களாம். பீடோர் ஸ்டேஷனுக்கு அவளோடு நானும் போனேன். அவள் கூப்பிடவில்லை; போகாமல் இருக்க முடியவில்லை. அவர் மெலிந்து, தலை நரைத்திருந்தார். இறங்கியதும் பெண்சாதியிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"ஐயா, நிச்சயமா தூக்குல போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு" என்றேன்.

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டார்.

பிள்ளைக்கு ஏழு வயது. அப்பனுடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. அவள் மண்டி போட்டு, அதன் முகத்தை, மூக்கை, காதில் போட்டிருந்த சின்னத் தோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொடவில்லை.

"இதான் அம்மா. போ" என்று அவர் தள்ளினார்.

பிள்ளை தயங்கித் தயங்கி ஓரடி முன்னால் வந்தது. தெரியாத பொம்பளைகளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று ஊரில் யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, தண்ணி வேணும்" என்றது.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "வா, தாரேன்" என்று கையை நீட்டினாள். பிள்ளை கையைக் கொடுக்கவில்லை; ஆனால் பின்னால் நடந்து போனது.

அதன்பிறகு அவள் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. அவளுக்கு ஊரில் கடிதம் எழுத வேண்டியவர்களும் இனி இல்லை. ஆனால் மத்தியானம் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பிள்ளை ஸ்டோருக்கு வரும். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். எண்ணிக்கொண்டிருக்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடப் பதினொரு மாதம் ஆயிற்று.